ஒரே ட்ரான்ஸ்ஃபோமர்

ஷிதர்ஷனை விளையாட்டு ஏற்கவில்லை.
அவன் பெயரின் முதல் நாலு எழுத்து
ஆங்கிலத்தில் மலமாம்.
சாத்திரியிடம் எண் பார்த்து
பாண்டிருப்பில் வைத்த பெயர்
நாலு நட்சத்திரமும் ஒரு வாலுமாகத்
திரையில் வந்து நின்றது.
"சாதகத்தில எனக்கு ஒரு நட்சத்திரம்தான்,
இவன் நாலு தந்திருக்கான்" என்று சிரித்தான்.

இன்னொருவனை
வாசலில் யாரும் மறிக்கவில்லை.
ஒரு ஊரின் பெயர்.
பக்கத்தில் ஓர் எண்.
மறுகா, சிரிக்கிற முகம் ஒன்று.
எண் வருடமில்லை.
எத்தனை பேர் என்பது.

எந்த ஊர் என்று எழுதமாட்டேன்.
எழுதினால்
அவன் சூட்டிக்கொண்டதை
நானும் ஒருதடவை கூப்பிட்டதாகும்.
தமிழர் ஊரா சோனகர் ஊரா
என்றும் கேட்காதீர்கள்.
கேட்கிறவர் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

பகலில் நான்
கல்முனையில் மாபிள் கடையொன்றில் பில் அடிப்பவள்.
இரவு பத்து மணி அறைக்குப் பொறுப்பு.
திரையில் என் பெயர் கொச்சிக்காய்.

சுடப்பட்டு விழுகிறவன் பெயரோடு
சுட்டவன் பெயரும் எல்லாருக்கும் தெரியவேண்டும்,
அது ஆட்டத்தின் சட்டம்.
அன்றிரவு எட்டுத் தடவை
அந்த ஊரும் அந்த எண்ணும்
அறையெல்லாம் ஓடின.
எட்டாவது தடவை
எங்களில் ஒருவன் மைக்கை அணைத்தான்.
யார் என்பதும் இதில் இல்லை.

முறைப்பாடு எழுதினேன்.
நாலாம் நாள் பதில்:
பரிசோதித்தோம், மீறல் எதுவும் இல்லை, இனிய ஆட்டம்.
ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்
அவர்களுக்கு வெறும் சத்தம்.
எண்,
வெறும் எண்.

நானே தூக்கினேன், மூன்று தடவை.
ஓவன்னாவுக்குப் பூச்சியம் போட்டு வந்தான்.
சிரிக்கிற முகத்தை முன்னுக்கு வைத்து வந்தான்.
எண்ணை மட்டும் மாற்றவேயில்லை.

ஞாயிறு பதினொன்று பத்துக்குக் கரண்ட் போனது.
ரவுட்டரின் பச்சை வெளிச்சம் அணைய
நான் விழுந்தேன்.
மருதமுனையிலிருந்து டேட்டாவில் விளையாடும் றுஸ்தி
குரல் அனுப்பினான்:
"கொச்சிக்காயக்கா, நீங்க விழுந்த அதே செக்கன்ல
அவனும் விழுந்தான்."

ஒருதடவை என்றால் தற்செயல்.
புதன்கிழமை மழைக்கு மறுபடியும் போனது.
வந்தபோது
அவன் எனக்கு ஒரு நிமிடம் முந்தி உள்ளே நின்றான்.

எங்கள் ட்ரான்ஸ்ஃபோமரில் நாற்பது வீடு,
ஒரு டியூட்டரி, ஒரு பேக்கரி.
காலையில் பாண் வாங்கப் போய்
மீதிக் காசு எண்ணித் தந்த பெருவிரலைப் பார்த்தேன்.
வெள்ளத்தில் என் ஸ்கூட்டியைத் தள்ளிவிட்ட பையனின்
பெருவிரலைப் பார்த்தேன்.
எல்லாம் பெருவிரல் மாதிரித்தான் இருந்தன.

அன்றிரவு அவனுக்கு ஒரேயொரு வரி அனுப்பினேன்:
"ஒழுங்கைத் தொங்கல்ல ஃபியூஸ் எரிஞ்சதாம்.
நாளைக்குப் பின்னேரமும் கரண்ட் நிப்பாட்டுவாங்க."

வாசித்தான்.
மூன்று புள்ளி வந்தது.
போனது.
திரும்ப வந்தது.
எழுதவில்லை.

சனிக்கிழமை
விளையாட்டு தானாகக் கொடுக்கிற பெயரோடு ஒருவன் வந்தான்.
ஊரில்லை, முகமில்லை,
ஒன்பது இலக்கம்.
இவன்தானா?
பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போக
இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம்.

இருட்டுக்குள்
ஒன்பது இலக்கத்தையும் மனதில் திருப்பித் திருப்பி
அந்த எண் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினேன்.
தேடுகிற பழக்கம்
எனக்கும் வந்துவிட்டது.

அறை பத்து மணிக்குத் திறக்கிறது.
ஷிதர்ஷனுக்கு இன்னும் நாலு நட்சத்திரம்.
மைக்கை அணைத்தவன்
நன்றாகத்தான் விளையாடுகிறான்.
"இடப்பக்கம் ஆள்" என்றால் திரும்புகிறான்,
"ஓடு" என்றால் ஓடுகிறான்.
அவன் பெயருக்குப் பக்கத்தில்
குறுக்கே கோடு கிழித்த சின்ன மைக்.