நாற்பத்தொன்று, அறுபத்துமூன்று

எனக்கு நாற்பத்தொன்று வந்தது.
இல்தாருக்கு அறுபத்துமூன்று.
ஒரே படச்சுருள், ஒரே ப்ரொஜெக்டர்,
ஒரே கண்ணாடி வாய்க்காலில் ஓடிய ஒரே தண்ணீர்.

நோவசிபிர்ஸ்க்கில் பிப்ரவரி.
ஜன்னலுக்கு வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே எட்டு மீட்டர் நீளத்துக்குத் தண்ணீரை
உறையவிடாமல் ஓடவைத்திருந்தோம்.
தரையையொட்டிக் குறுக்கே ஒரு பிளாட்டினக் கம்பி,
என் தலைமுடியில் பாதித் தடிமன்.
மின்சாரம் தட்டினால்
கம்பி முழுக்க ஹைட்ரஜன் குமிழிகள் அரும்பி
வெள்ளைக் கோடாகக் கிளம்பும்.

கிளம்பும்போது நேர்கோடு.
ஒரு சாண் போவதற்குள் அது கலைந்து
விரைகிற நீருக்கு நடுநடுவே
பின்தங்கிய நீரின் நீண்ட வரிகளில் போய் ஒதுங்கும்.
தரை நானே தேய்த்த தரை. ஒரு கீறல் இல்லை.
வரிகளுக்கு யார் இடம் சொன்னது?

பெரும்பாலான நேரம் ஒன்றும் நடக்காது.
கொந்தளிப்பு என்றால் எப்போதும் கொதிக்கும் என்று
நினைக்கிறார்கள்.
சுவரருகே அது இறைச்சிக்கடை வரிசை மாதிரி:
நிற்கும், நகரும், நிற்கும்.

பிறகு ஒரு வரி தலைதூக்கும்.
பாம்பு என்று எழுதினேன். பேராசிரியர் அடித்துவிட்டு
‘உயர்தல்’ என்று எழுதினார்.
சரி, உயர்ந்தது.
நெளிந்தது. இன்னும் நெளிந்தது.
அப்புறம் நடப்பதற்குக் குறிப்பேட்டில்
எங்கள் இருவரிடமும் நல்ல வார்த்தை இல்லை.
சிதறியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.
மந்த நீர் மேலே பீறிட,
மேலிருந்த வேக நீர் கீழே பாய்ந்து
தரையை ஒரே வீச்சில் பெருக்கிவிட்டுப் போகும்.
கண்ணுக்கு அரை நொடி.
படத்தில் முப்பத்திரண்டு கட்டங்கள்.

அந்த அரை நொடிகளில்தான்
கொந்தளிப்பின் பிழைப்பே நடக்கிறது.
சராசரி எடுத்துப் பாருங்கள், எதுவும் தெரியாது.
சராசரியில் தண்ணீர் நல்ல பிள்ளை.

பேராசிரியர் ஸமோய்லோவ் இரண்டு தாள்களையும்
அருகருகே வைத்தார்.
“உங்களில் யார் தூங்கியது?”
யாரும் தூங்கவில்லை. மறுபடி ஓட்டினோம்.
எனக்கு அதே நாற்பத்தொன்று.
இல்தாருக்கு இப்போது அறுபத்துநான்கு.

மூன்றாம் ஓட்டத்தில் நான் திரையைப் பார்க்கவில்லை,
அவன் பென்சிலைப் பார்த்தேன்.
வரி தலைதூக்கியதுமே கோடு போடுகிறான்.
நான் சிதறி முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.
நடுவே இருபத்துச் சொச்சம் வரிகள்
எழுந்து, நெளிந்து,
மனம் மாறி மறுபடி படுத்துக்கொண்டவை.

“எழுந்தது எழுந்ததுதான்” என்றான்.
“ஆனால் ஒன்றும் நடக்கவில்லையே.”
“கிட்டத்தட்ட நடந்தது, நினெல்.”
“அதற்குத் தாளில் பத்தி இல்லை.”

பெர்முக்கு மாற்றல் கேட்டு
மூன்றுமுறை விண்ணப்பம் எழுதிக் கிழித்தவன் இல்தார்.
ஓம்ஸ்க்கிலிருந்து, ஒரு புருஷனிடமிருந்து,
ஒரே காலையில் ஒரே பெட்டியோடு கிளம்பியவள் நான்.
இதை ஆய்வேட்டில் போட முடியாது.

பேராசிரியருக்கு மாஸ்கோவுக்கு அனுப்பவேண்டிய அவசரம்.
“ஐம்பத்திரண்டு என்று போடுங்கள்.”
போட்டோம்.
அந்த ஐம்பத்திரண்டை
எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை.

இரவு பஸ் நிறுத்தத்தில் நான் மட்டும்.
கறுத்த சாலைமேல் தரைக்காற்று
பனித்தூளை வரிவரியாக இழுத்துக்கொண்டு போனது,
முழங்காலுக்குக் கீழே, சத்தமில்லாமல்,
கிட்டத்தட்ட ஒரே இடைவெளியில்.
எண்ணக்கூடாது என்று கையைப் பைக்குள் விட்டேன்.
விளக்குக் கம்பத்தடியில் ஒன்று மெல்ல எழுந்தது.
நெளிந்தது.
அதற்குள் பஸ் குறுக்கே வந்து நின்றுவிட்டது.

கதவு திறந்தது. நடத்துநர் அம்மாள்
கம்பளிக்குள்ளிருந்து கத்தினாள்:
“ஏறுகிறாயா, இல்லையா?”

ஒரு கால் படியில் இருந்தது.