இந்தச் சட்டையை முதலில் போட்டவருக்கு

உங்கள் பெயர் தெரியாது.
சாயல்குடிச் சந்தையில், கத்தரி விதைக்காரருக்கும்
கருவாட்டுக்காரிக்கும் நடுவே
கிலோக் கணக்கில் குவிந்து கிடந்தீர்கள்.
முழுக்கையா, அக்குள் கிழியாமல் இருக்கிறதா,
மற்றவர்கள் பார்ப்பது அவ்வளவுதான்.
நான் தூக்கிச் சூரியனுக்கு நேரே பிடிப்பேன்.
நூலுக்கு நூல் வெளிச்சம் ஒழுகினால்
கீழே போட்டுவிடுவேன்.
"என்னக்கா, கள்ள நோட்டா?" என்பான் கடைக்காரன்.

நீங்கள் ஒழுகவில்லை.
அடர்நீலம், நெருக்கமான நெசவு.
கழுத்துப்பட்டையில் சலவைக்காரர் இட்ட
மூன்று புள்ளி, ஒரு கோடு.
பையில் கூழாகிப்போன ஏதோ ஒரு டிக்கெட்.
உங்கள் எடைக்கு முப்பத்தைந்து ரூபாய்.

வாலிநோக்கத்தில் உப்பு வாருகிறேன்.
சேலைக்கு மேல் நீங்கள்.
தலையைச் சுற்றி மூக்குவரை ஒரு துண்டு,
அதற்கு மேல் ஓலைத் தொப்பி.
கைகளில் மகனின் பள்ளிக்கூடச் சாக்ஸ், நுனி வெட்டியது.
ஏர்வாடி சந்தனக்கூட்டில் வாங்கிய கறுப்புக் கண்ணாடிக்கு
ஒரு பக்கம்தான் காது, மறுபக்கம் ரப்பர் பேண்ட்.

மேலே இருக்கும் வெயிலை யாரும் சமாளித்துவிடலாம்.
எங்களுக்குக் கீழே இன்னொன்று உண்டு.
பாத்தி வெள்ளைவெளேரென்று பூத்துவிட்டால்
மோவாயின் அடிப்பக்கம் கறுக்கும்,
மூக்குத் துவாரம் எரியும்.
குடையைத் தரையில் விரித்தா நிற்க முடியும்?

முகாமுக்கு வந்த டாக்டரம்மா சொன்னார்:
பத்து மணியிலிருந்து நாலு மணிவரை
வெயிலில் நிற்காதீர்கள்.
பதினோரு பேரும் தலையாட்டினோம்.
பூரணம் மட்டும் துண்டுக்குள் குலுங்கிக்கொண்டிருந்தாள்.
பிறகு அவரே எழுந்து
வரப்பில் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தார்.
திரும்பி வந்து வேறு மாதிரிப் பேசினார்.
துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் வித்தை
அன்று கற்றது.

இப்போது சொல்ல வந்த விஷயம்.
உங்கள் முழங்கை இரண்டும் தேய்ந்திருக்கின்றன,
வலது கூடுதலாக.
மேசையில் ஊன்றி எத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தீர்கள்?
கணக்கா, கம்ப்யூட்டரா,
அல்லது யாருக்காகவோ காத்துக் கன்னத்தில் கை வைத்தீர்களா?
ஃபேன் ஓடியிருக்கும். சன்னலுக்குத் திரை இருந்திருக்கும்.
நீங்கள் ஊன்றிய இடத்தில்தான்
எனக்கு வெயில் நுழைகிறது.
எட்டணா அகலத்துக்குக் கறுப்பு, தோல் உரிந்து,
உப்புத் தண்ணீர் பட்டால் சுள்ளென்று.
உங்கள் உத்தியோகத்துக்கு
என் உடம்பில் அத்தாட்சி.

கோபமில்லை.
பழைய பாவாடையில் துண்டு வெட்டி
இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்துவிட்டேன்.
சிவப்பு. பொருந்தவில்லை.

இன்னொன்று.
இப்போதெல்லாம் வருகைக்கு முகம் காட்ட வேண்டும்.
உச்சி வெயிலில் மேஸ்திரி செல்போனோடு வருவார்.
துண்டை அவிழ், கண்ணாடியைக் கழற்று, நேரே பார்.
போன் சூடேறி அணைந்துவிடுகிறதாம்,
அதற்குக் குடை பிடிக்கிறார்.
போன வாரம் நம்புத்தாய் கேட்டாள்:
"அந்தக் குடைக்குள்ள நாங்க நின்னா
மொகம் தெரியாதாக்கும்?"
அவர் பதில் சொல்லவில்லை.
குடையை மட்டும் ஒரு சாண் இந்தப் பக்கம் சாய்த்தார்.
ஆளுக்கு அரை நிமிஷம்.
என் முறை வந்தபோது
போன் என்னை இரண்டு தடவை இல்லையென்றது.
கண்ணாடிக்கும் துண்டுக்கும் நடுவே
விட்டுப்போன ஒரு விரல் அகலம் கறுப்பு,
மற்றதெல்லாம் பழைய நிறம்.
எந்த முகத்தைப் பதிந்து வைத்திருக்கிறார்களோ.
மூன்றாம் தடவை பச்சை டிக் விழுந்தது.
நான் உடனே நகரவில்லை.

ஐப்பசியில் மழை இறங்கிப் பாத்தி முங்கினால்
வேலை நிற்கும்.
அப்போது உங்களை அலசி,
உள்பக்கம் வெளியே திருப்பி
நிழலில்தான் காயப்போடுவேன்.
சாயம் போகக்கூடாது, அடுத்த தை வரைக்கும்
வேண்டியிருக்கிறது.

நீங்களும்
இப்போது போட்டிருக்கும் சட்டையில்
கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்.