பட்டனின் கணக்கு

போன மழைக்குத் திரிபோஷாவுக்குப் பல் நீண்டு
வாய் மூட முடியாமல் போனது.
நுவரெலியாவுக்கு பஸ்,
மிருக வைத்தியருக்கு மூவாயிரத்து ஐந்நூறு.
அந்த மாதம் லைட் பில் கட்டவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தப் பால்மா டின்.
சம்பளத்தில் முந்நூறு.
மூடியில் அவர் எழுதியது:
கினிப் பன்றிகளுக்கு மட்டும்.
பக்கத்துக் காம்பராவில் இன்னும் சிரிக்கிறார்கள்.

நேற்று என் கடைவாய்ப் பல்.
டின்னைத் திறக்கையில்
மானாப்புல்லுக்குள்ளிருந்து இரண்டும்
அசையாமல் பார்த்தன.
இரண்டாயிரம் எடுத்தேன்.
கொப்பியில் எழுதி வைத்தேன்:
பட்டனுக்கும் திரிபோஷாவுக்கும் கொடுக்க வேண்டியது.

ஹட்டனில் பிடுங்கி, தாடை வீங்கித் திரும்பி
பையைச் சரசரக்க வைத்ததும்
பட்டன் கீச்சிட்டான்,
தவணை தப்பியவளை
வாசலில் நின்று கூப்பிடுவதுபோல.

வட்டிக்கு இன்றைக்குக் கரட் இலை.
முதல், பத்தாம் திகதி.