பட்டாணிப் பைக்குப் பக்கத்தில்

ஞாயிற்றுக்கிழமை. ஹாலிஃபாக்ஸில் விடாத மழை.
ஆட்டுத்தொடை வேக வேண்டிய ஓவனுக்குள்
ஐம்பத்தேழாம் வருஷத்து வெலோசெட்டின் கிராங்க்கேஸ்.
திரைச்சீலை வரைக்கும் பழைய எண்ணெய் வாடை.

ஃப்ரீசரில், பட்டாணிப் பைக்கும் மீன்துண்டுக்கும் நடுவே
நேற்று ராத்திரியிலிருந்து விறைத்துக் கிடக்கின்றன
இரண்டு பேரிங் வளையங்கள்.

"அது விரியணும், இது சுருங்கணும்.
சுத்தியலைத் தேடுறவன் மடையன்"
என்கிறாள் டில்டா.
இரவுப் பணி முடித்து வந்தவள்,
வார்டு அட்டை இன்னும் கழுத்தில்.

விருந்துக்கு வந்த என் அண்ணன் பெர்சிவல்
கோட்டைக் கழற்றாமலே நிற்கிறான்.
"உருளைக்கிழங்காவது..."
"உஷ்."

என் அம்மா கொடுத்த பூப்போட்ட கையுறைகளோடு
அவள் குனிகிறாள்.
ரத்தநாளம் தேடும் அதே விரல்கள்,
அதே மூச்சடக்கம்.
வளையத்தை வைத்தாள்.
டொக்.
அடிக்கவில்லை, அழுத்தவில்லை,
தன் வீட்டுக்குள் போவதுபோல்
தானாகவே இறங்கிற்று.

நான் கைதட்டினேன்.
பெர்சிவலும் தட்டுவதற்காகத்
தேநீர்க் கோப்பையை எங்கே வைப்பதென்று பார்த்தான்.
கோப்பையின் அடியில்
ஈரத்தில் ஒட்டியபடி
ஒரு மெல்லிய தகட்டு வளையம்.
அங்குலத்தை ஆயிரமாக்கி
அதில் நான்கு பங்கு கனம்.
பேரிங்குக்கு முன்னால் உள்ளே போயிருக்க வேண்டியது.

யாரும் பேசவில்லை.
அதைப் பிரித்தெடுத்து, தேநீர் துடைத்து,
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
பிறகு ஓவனைத் திறந்து
கிராங்க்கேஸை உள்ளே தள்ளினாள்.
"சூடானதும் கவிழ்த்துத் தட்டினா விழுந்துடும்.
நாற்பது நிமிஷம்."

"மீன் வறுவல் வாங்கி வரேன்" என்றான் பெர்சிவல்.
நல்லவேளை,
கோட்டு மேலேயே இருந்தது.