நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டர்

ஜப்பானில் ஓடிக் கழித்த கார்.
சாவியைத் திருப்பியதும் ஒரு பெண்குரல்
பணிவாக ஏதோ சொல்கிறது.
என்ன சொல்லுதுங்க, என்றேன்.
"வாங்கி ஏழு வருஷம், எனக்கும் விளங்கல்ல"
என்றார் உவைஸ்.
நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டர்.
மேலே போனால் ஒவ்வொன்றுக்கும் காசு.
மீட்டரைப் படம் பிடித்துக்கொண்டு
சம்மாந்துறைச் சந்தியில் இறங்கிக்கொண்டார்.

நான் வந்தது அரிசி ஆலைக்கு.
நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம்,
கோயமுத்தூரில் நானே பழக்கி அனுப்பியது,
இங்கே ஓடிய முதல் நாளே
சிவப்பரிசி அத்தனையும் பழுதென்று
காற்றால் ஊதித் தள்ளிவிட்டது.
மூன்று மூட்டை.
முதலாளி திட்டவில்லை, தேநீர் தந்தார்.
அது இன்னும் கஷ்டமாக இருந்தது.
மாற்றுப் போர்டு கொழும்பில், சுங்கத்தில்.
இன்று போயா. சுங்கம் திறக்காது.
ஆகவே கார்.

காரைதீவில் இடது பக்கம் திரும்பினேன்.
கல்முனை, பாண்டிருப்பு.
மருதமுனையில் கண்ணாடியை இறக்கினால் தறிச்சத்தம்.
ஒரு நிமிடம் சோமனூர்.
அடுத்த நிமிடம் வலப்பக்கம் கடல்.
சோமனூரில் ஏது கடல்?

பிறகு ஒரு பலகை: வெதுப்பகம்.
எழுத்துக்கூட்டிப் படித்தேன். புரியவில்லை.
வண்டியை நிறுத்தி
மோந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது, பேக்கரி.
தமிழ் படிக்க
மூக்கு தேவைப்பட்டது இன்றுதான்.

போன் வரைபடத்தில் நீலத்துக்கு அந்தப் பக்கம்
மண்டூர் என்று ஒரு பெயர்.
அங்கே எனக்கு யாரும் இல்லை. வேலையும் இல்லை.
அதனால்தான்.

சைக்கிளில் நண்டுக்கூடையோடு நின்றவரிடம் கேட்டேன்:
மண்டூருக்குப் பாதை எதுங்க?
"இடக்கைப் பக்கம் கிறுகி நேரே போங்க.
பாதை இப்ப அந்தக் கரையில. நிண்டா வரும்."
பாதை வருமா?
"வராம? பொழுதுபட மட்டும் வந்து வந்து போகும்."
என்னை மேலும் கீழும் பார்த்தார்.
"இண்டியாவா? படத்துல கதைக்கிற மாதிரிக் கதைக்கிறீங்க."

குருமண்வெளிக் கரையில் நின்றேன்.
வந்தது பாதை.
மிதவைகளின் மேல் இரும்புத் தளம், இரண்டு பக்கம் கம்பி,
ஓரத்தில் டீசல் புகைக்கும் எஞ்சின்.
மூன்று மோட்டார் சைக்கிள், நான்,
ஆட்டோவுக்குள் புது ஃபிரிட்ஜைக்
கட்டிப்பிடித்தபடி ஒருத்தி.
"யோகவதனி, உன்ட பெட்டிக்கு நீந்தத் தெரியுமாகா?"
எஞ்சின்காரர் கத்தினார்.
"உங்களுக்குத் தெரியுமா, அதச் சொல்லுங்க" என்றாள்.

வாவி நடுவே மேனேஜர் அழைத்தார்.
எங்கய்யா இருக்க?
பாதையில இருக்கேன் சார்.
ரோட்லயா?
இல்லைங்க சார், பாதையில.
ரெண்டு பக்கமும் தண்ணி.
குடிச்சிருக்கியா என்று கேட்டார்.
ஒரு நீர்க்காகம் முங்கியது.
எழும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்ததில்
பதில் சொல்ல விட்டுப்போனது.

போனில் நான் ஒரு நீலப் பொட்டு, நீலத்துக்குள்.
காரின் திரையிலோ
இன்னமும் ஜப்பானின் ஏதோவொரு கரை.
மீட்டரைப் பார்த்தேன்:
கரையில் காட்டிய அதே எண்.
கார் போய்க்கொண்டிருந்தது.
எண் அசையவில்லை.

மண்டூரில் என்ன பார்த்தாய் என்றால்
ஒரு பிளேன்டீ குடித்தேன்.
வயலில் தண்ணீர் கட்டியிருந்தார்கள்.
கொக்கு. மழைக்கு ஒதுங்கிய நாய்.
எந்தக் கடை வாசலிலும் யாரும்
ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.
திரும்பும்போது பாதை அக்கரையில் இருந்தது.
நாற்பது நிமிடம்
பாதை இல்லாத இடத்தில் காத்து நின்றேன்.

இரவு உவைஸ் டார்ச் அடித்துப் பார்த்தார்.
அறுபத்தெட்டு.
"மட்டக்களப்பே போகல்லியா? வேற எங்க போனீங்க?"
மண்டூர்.
"பாதையிலயா?"
விரலால் ஏதோ கணக்குப் போட்டார், விட்டுவிட்டார்.
"அதுக்குக் காசில்ல. அது ஓடினதில்லையே."

சாவியைக் கொடுக்கும் முன்
ஒருமுறை திருப்பினேன்.
அந்தப் பெண்குரல், அதே பணிவு, அதே வாசகம்.
சரிங்க, என்றேன்.