வரு

வெள்ளிக்கிழமை ஊருக்குப் புதுப்படம்.
எனக்குப் புது ஆல்பம்,
பின்சீட்டில் ஐஸ்பெட்டி,
அதற்குள் ஏற்காட்டுக்காரர்கள் நாற்பது பேரின் ரத்தம்.
எட்டு மணிக்குள் அஸ்தம்பட்டி லேப்பில் இறக்கணும்.
குலுங்காமல் ஓட்டு என்பார் சிஸ்டர் ஃபிலோமினா
ஒவ்வொரு வாரமும், முதல்முறை சொல்வதுபோல.
குலுக்காத பாட்டு எதற்கு என்று
ஒவ்வொரு வாரமும் சொல்லாமல் கிளம்புவேன்.

இருபது கொண்டை ஊசி வளைவு.
இறங்குகிறவனுக்கு இருபதாவதுதான் முதல்.
இரண்டு கையும் ஸ்டீயரிங்கில்,
பிடிக்காத பாட்டைத் தள்ளிவிட விரல் மிச்சமில்லை.
இதைவிட நேர்மையாக யாரும்
ஒரு ஆல்பத்தைக் கேட்டிருக்க முடியாது.

ஐப்பசியில் மூன்று வந்தன.

முதலாவது ஊரே கொண்டாடுவது.
பதினோரு பாட்டு,
பதினோரு சட்டையையும் ஒரே இஸ்திரிப்பெட்டியில் தேய்த்து
மடிப்புக் கலையாமல் அடுக்கிய மாதிரி.
வயலின் வந்தால் அழணும்.
புல்லாங்குழல் வந்தால் மன்னிக்கணும்.
அடிவாரம்வரை நான் யாரையும் மன்னிக்கவில்லை,
லைட்டைத் தாழ்த்தாமல் எதிரே ஏறிய
பெங்களூர் கார்க்காரன் உட்பட.

அடுத்த வாரம் அம்மாப்பேட்டைப் பையன்கள் நாலு பேர். ராப்.
தறிச் சத்தத்தை அப்படியே பிடித்துத்
தாளமாகப் போட்டிருக்கிறார்கள்.
சென்னையில் புல்லரித்திருக்கும்.
நான் பிறந்ததே இரண்டு தறிக்கு நடுவில்.
இருபது வருஷம் தூங்கவிடாத சத்தத்துக்கு
இப்போது மாதச்சந்தா கட்டுகிறேன் என்று
வண்டிக்குள் தனியாகச் சிரித்தேன்.
ஆனால் நாலாவது பாட்டில் கரண்ட் போகிறது.
தறி நிற்கிறது.
மைக் இருப்பதை மறந்தவன்போல் ஒருத்தன்
"டேய், இப்பக் கேக்குதா நான் பேசுறது" என்கிறான்.
ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் தானாக எழுந்தது.
எங்கள் வீட்டிலும்
சண்டை, சமாதானம், பொண்ணு பார்த்த கதை எல்லாமே
கரண்ட் போன பிறகுதான்.
பத்துக்கு ஏழு போடலாம்.
மீதி மூன்றை
என் பழைய தூக்கத்துக்காகப் பிடித்துக்கொள்கிறேன்.

மூன்றாவது வெள்ளி, மழை.
பாடுகிறவள் தவமலர், எந்த ஊரோ.
அட்டையில் முகமில்லை, நனைந்த ஒற்றைச் செருப்பு.
இருபத்தேழு நிமிஷம்தான் மொத்தமே.
முதலில் எரிச்சல்.
சுருதி அரையிழை கீழே நிற்கிறது,
ஒரு இருமலை வெட்டாமல் விட்டிருக்கிறாள்.
சில்வர் ஓக் மரங்களுக்கிடையே பனி இறங்கி
வைப்பர் ஒரு பக்கம் தாளம் தப்ப
அவள் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தாள்,
பாத்திரம் கழுவுகிறவள் யாருக்கென்றில்லாமல் பேசுவதுபோல.
பன்னிரண்டாம் வளைவில் சத்தத்தைக் கூட்டினேன்.
ஒன்பதில் கண்ணாடியை ஏற்றிவிட்டேன், மழைகூடக் கேட்கக்கூடாதென்று.
எட்டாம் வளைவில், கடைசிப் பாட்டு,
"வரு"

அவ்வளவுதான். போச்சு.

எட்டில் டவர் போகும்.
மலைக்கு ஏறும் அத்தனை டிரைவருக்கும் தெரியும்.
வாய்விட்டுத் திட்டிவிட்டு
வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தால்
சிக்னல் நாலு கோடும் நிமிர்ந்து நிற்கிறது.
திரும்பப் போட்டேன். வரு. திரும்பவும். வரு.

வருவேனா, வருவாயா.
வருத்தமா.
யாரோ தலையை வருடியதா.
வருஷமா, எத்தனையாவது வருஷம்.
பாவம், வருமானமாகக்கூட இருக்கலாம்.
மீதி ஏழு வளைவுக்கும்
ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து இறங்கினேன்.
எல்லாமே பொருந்தியது, அதுதான் சிக்கல்.

அடிவாரத்து டீக்கடையில் செங்கோடன் காது கொடுத்துவிட்டு
"ஏத்தும்போது கட்டாயிருக்கும், திங்கக்கிழமை சரி பண்ணிருவாங்க" என்றான்.
திங்கள் போனது. சரி பண்ணவில்லை.
பண்ணிவிடாதே தாயே என்று
தினமும் ஒருமுறை எடுத்துப் பார்க்கிறேன்.
இன்னும் மார்க் போடவில்லை.

அன்றைக்கு லேப்பில் குமுதவல்லி
குழாய்களை எண்ணி நாற்பதும் சரி என்றாள்.
பெட்டியை மூடிக்கொண்டே கேட்டாள்,
"எங்கியும் குலுங்கலையே?"

எட்டாம் வளைவில் கொஞ்சம் என்றேன்.