அறுநூற்று அறுபத்திரண்டு

இந்த இலையுதிர் காலத்தில் மூன்று படிகங்கள் உடைந்தன.
முதலாவது நூற்று முப்பது பாகையில்.
இரண்டாவது எண்பத்தெட்டில்.
மூன்றாவது எப்போது விண்டதென்று தெரியாது,
நான் உறங்கிவிட்டேன்.

உருகிக் கிடக்கும்வரை அதற்கு யார்மேலும் பகையில்லை.
குளிரும்போதுதான் கோபம்.
வருகிற வழியில் இருமுறை
தன் எலும்புகளைக் கழற்றி வேறுவிதமாய் அடுக்கிக்கொள்ளும்.
அந்த இரண்டு வாசல்களிலும் அவசரப்படுத்தினால்
கண்ணாடிக்குழாய்க்குள் ஒரு மெல்லிய சத்தம்,
பல்லில் கல் கடிபட்டதுபோல.

நான்காவதை மணிக்கு அரைப் பாகையாய் இறக்கினேன்.
ட்ரோன்ஹெய்மில் பதினொரு நாள் மழை.
உலையருகே நாற்காலி, ரொட்டி, பழுப்புப் பாலாடைக்கட்டி.
மின்கட்டணத்தைக் காட்டி டோர்கெய்ர் முகம் சுளித்தார்.
"ஈஸ்டர்வரைதான் பணம்" என்றார்,
என்னிடம் அல்ல, உலையிடம்.

பன்னிரண்டாம் நாள்
ஆரஞ்சு மிட்டாய்போல ஒன்று கைக்கு வந்தது.
சீசியம், ஈயம், புரோமின்.
விளக்குக்கு எதிரே பிடித்தால் மறுபக்கம் என் விரல் தெரிந்தது,
நடுவில் ஒரு கோடும் இல்லாமல்.

அறுத்து, மெருகேற்றி, ஒரு முகத்தில் பொன் பூசி
மின்னழுத்தம் கொடுத்தோம்.
அப்புறம் வந்தது அடுத்த வியாதி.
இருட்டில், ஒன்றுமே படாதபோதும், அது முணுமுணுத்தது.
உள்ளேயிருந்த அயனிகள்
பந்திக்கு முந்துகிறவர்கள் மாதிரி
பொன்னை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன.
மேற்பரப்பில் கசிவதைத் தடுக்க
விளிம்பைச் சுற்றி ஒரு வளையம் போட்டேன்.
பூச்சை மாற்றினேன், இருமுறை.
அழுத்தத்தைக் குறைத்தேன், கொஞ்சம் வெட்கத்தோடு.
முணுமுணுப்பு தணிந்தது. நின்றது என்று சொல்லமாட்டேன்.

ஜனவரியில் ஸ்னோசா.
பட்டிக்குள் பனிமான்களின் மூச்சு புகையாய் நின்றது.
பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
என் விரல்கள் செத்துப்போயிருந்தன,
பெட்டிக்குள் இருந்தவனோ
வாழ்நாளில் இவ்வளவு அமைதியாய் இருந்ததில்லை.

மார்யா-லீனா ஒரு பெண்மானைக் கொம்பைப் பற்றி நிறுத்தினாள்.
அவள் பிறப்பதற்கு முன்னே பெய்த மழை அது.
கற்பாசி அதைக் குடித்தது, கற்பாசியை மான் தின்றது.
பாதிக்கு மேல் கழிந்துவிட்டது.
மீதி இன்னும் மலையில் மேய்கிறது.

பழைய கருவி எப்போதும் ஒரு குன்றைத்தான் வரையும்,
அகலமான, சோம்பலான குன்று.
மானின் முதுகில் புதியதை வைத்தேன்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
பிறகு திரையில் புள்ளி புள்ளியாய்,
எறும்புப் புற்றுபோல் குவிந்து,
அறுநூற்று அறுபத்திரண்டில்
ஒரு ஊசி நிமிர்ந்தது.

நான் கத்திவிட்டேன். மான் துள்ளியது.
மார்யா-லீனா இருவரையும் ஒரேமாதிரி அதட்டினாள்.

"எவ்வளவு?" என்று கேட்டாள்.
அவளுக்கு ஊசியின் கூர்மையால் என்ன ஆகப்போகிறது?
எண் சிறிதானால் இறைச்சி,
பெரிதானால் ஆறு வாரத் தீவனம், அதற்கொரு கடன்.
சொன்னேன்.
சீழ்க்கையடித்துக்கொண்டே
மானின் காதில் நீல நாடா கட்டினாள்.
காத்திருப்போர் வரிசை.

"அதுக்குள்ளே என்ன வச்சிருக்கே?"
"சீசியம்."
ஓரடி பின்வாங்கினாள். பனி நொறுங்கியது.
"அதேவா?"
"அதே பேர். நாலு நியூட்ரான் குறைவு. இது யாரையும் தொடாது."
நம்பினாளா தெரியவில்லை.
"முள்ளை முள்ளாலே எடுக்கிற கதை" என்று தொடங்கினேன்.
பாதியில் அடுத்த மான் வந்துவிட்டது.

நாற்பத்திரண்டு மான்கள்.
முப்பத்தேழாவதில் முணுமுணுப்பு திரும்பிவந்தது,
ஊசியின் அடி தடித்தது.
அழுத்தத்தைத் திருப்பிப் போட்டு
ஒரு குவளைக் காப்பி நேரம் அதை ஓய்வெடுக்க விட்டோம்.
அவள் உப்புப் போட்டுக் காப்பி குடித்தாள்.

இரவு திரும்பும் வண்டியில் குறிப்பேட்டில் எழுதினேன்:
ஐந்தாவது படிகம். மணிக்குக் கால் பாகை.
அதன் கீழே, ஏனென்று தெரியாமல்,
நீல நாடா கட்டிய மான்களின் எண்ணிக்கையை.
ஒன்பது.